இணையவழிப் படிப்பில் ஆசிரியரின் இடம்

இணையவழிப் படிப்பு என்றதும் பலரின் நினைவுக்கு வருவது திரையில் தோன்றிப் பேசும் ஆசிரியரின் காணொலியே. அதை ஒருமுறை பதிவுசெய்து வைத்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் ஆயிரக்கணக்கானோருக்கு அதுவே பாடம் நடத்தும், ஆசிரியரின் வேலை அத்துடன் முடிந்துவிடும் என்ற எண்ணம் கல்வி நிறுவனங்களிடமும் பொதுமக்களிடமும் ஆழப் பதிந்திருக்கிறது. ஆனால், இத்துறையில் நடந்துள்ள ஆய்வுகளும், இந்தியாவின் பெரிய இணையவழிக் கல்வித் திட்டங்கள் நடைமுறையில் இயங்கும் விதமும் இந்த எண்ணத்துக்கு நேர்மாறான உண்மையையே காட்டுகின்றன. பாடத்தை முன்கூட்டியே வகுத்துத் தருவது, மாணவர்களைப் பேசவும் கேட்கவும் வைப்பது, அவர்கள் தவறும் இடத்தைக் கண்டு திருத்துவது ஆகிய மூன்று பணிகளும் சேர்ந்தால்தான் காணொலித் தொகுப்பு ஒரு படிப்பாக மாறுகிறது. இந்த மூன்றையும் செய்வதற்கு, படிப்பு முடியும்வரை ஓர் ஆசிரியர் உடன் இருந்தாக வேண்டும்.

அஞ்சலில் தொடங்கிய மரபு

ஆசிரியரும் மாணவரும் வெவ்வேறு இடங்களில் இருந்துகொண்டு நடத்தும் கல்வி, இணையத்துக்கு மிகவும் முற்பட்டது. இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் 1840-களில் தம்முடைய சுருக்கெழுத்து முறையை அஞ்சல் வழியே கற்பித்தபோது, மாணவர்கள் பயிற்சியை எழுதி அனுப்ப, அது திருத்தப்பட்டு அவர்களிடமே திரும்பி வந்தது. 1969-இல் அரசப் பட்டயம் பெற்று 1971-இல் முதல் மாணவர்களைச் சேர்த்த பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், பி.பி.சி.யின் வானொலியையும் தொலைக்காட்சியையும் பயன்படுத்திப் புகழ்பெற்றது. அந்த ஒளிபரப்புகளோடு சேர்த்து, மாணவர்களின் கட்டுரைகளைப் படித்துக் குறிப்பெழுதி அனுப்பும் பயிற்றுநர்களையும் அது தொடக்கத்திலிருந்தே அமர்த்தியிருந்தது. ஒளிபரப்பு எல்லோருக்கும் பொதுவாக இருக்கலாம், திருத்தமோ ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பதை அந்நிறுவனம் நன்கு உணர்ந்திருந்தது.

இந்தியாவில் தில்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் அதே வழியில் இறங்கியது. 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உருவானது. வேலைக்குப் போய்க்கொண்டே பட்டம் பெற விரும்பியவர்களுக்கும், கல்லூரி வாசலை மிதிக்க வாய்ப்பில்லாத பெண்களுக்கும் இந்தப் படிப்புகள் பெரும் வாய்ப்பாக அமைந்தன. இணையம் இந்த மரபுக்கு வேகத்தையும் பரப்பையும் சேர்த்ததேயன்றி, தொலைவில் இருக்கும் மாணவரை ஆசிரியர் எப்படிச் சென்றடைவது என்ற பழைய கேள்வியைத் தீர்த்துவிடவில்லை.

ஒரு படிப்பு இயங்கும் விதம்

அந்தக் கேள்வியை இன்றைய நிலையில் ஆராய்வதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு, சுருக்கமாக என்.பி.டி.இ.எல். என்று அழைக்கப்படும் தேசியத் தொழில்நுட்பவழிக் கற்றல் திட்டம் ஆகும். ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூருவின் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து, நடுவண் அரசின் நிதியுதவியோடு 2003-இல் தொடங்கிய இத்திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி.க்கு முக்கியப் பங்கு உண்டு. முதல் பத்தாண்டுகளில் அது பெரும்பாலும் பேராசிரியர்களின் வகுப்புகளைப் பதிவுசெய்து வெளியிடும் களஞ்சியமாக இருந்தது. மாணவர்கள் விரும்பிய நேரத்தில் பார்க்கலாம். ஆனால் கேள்வி கேட்கவோ தேர்வு எழுதவோ வழியில்லை. 2014-இல் சான்றிதழ்ப் படிப்புகள் தொடங்கிய பிறகே அந்தக் களஞ்சியம், குறித்த நாளில் தொடங்கிக் குறித்த நாளில் முடியும் வகுப்பாக மாறியது. 2017-இல் நடுவண் அரசு தொடங்கிய 'ஸ்வயம்' தளத்தின் வழியாக இன்று அந்தப் படிப்புகள் நடைபெறுகின்றன.

ஒரு படிப்பு 4, 8 அல்லது 12 வாரங்கள் நடக்கும். ஒவ்வொரு வாரமும் சில காணொலிகள் வெளியாகும். அவற்றையொட்டி, கெடு தேதியுடன் கூடிய பயிற்சித் தாள் ஒன்றை மாணவர்கள் முடிக்க வேண்டும். சேர்வதற்குக் கட்டணம் இல்லை. சான்றிதழ் விரும்புவோர் மட்டும் கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் சென்று மேற்பார்வையின்கீழ்த் தேர்வெழுதுகின்றனர். இறுதி மதிப்பெண்ணில் வாராந்திரப் பயிற்சிகளுக்கு 25 விழுக்காடும் தேர்வுக்கு 75 விழுக்காடும் உண்டு.

இந்த அமைப்பில் ஆசிரியப் பணி மூன்று அடுக்குகளாகப் பிரிகிறது. பாடத்தை வகுத்துக் காணொலியில் நடத்துபவர் பாட ஆசிரியர். பெரும்பாலும் ஆய்வு மாணவர்களாக இருக்கும் உதவியாளர்கள், வினாக்களைச் சரிபார்ப்பதிலும் மாணவர்களின் ஐயங்களுக்கு விடை எழுதுவதிலும் அவருக்குத் துணைநிற்கின்றனர். இவர்களுக்கு அப்பால், திட்டத்தில் இணைந்துள்ள கல்லூரிகளில் ஓர் ஒருங்கிணைப்பாளரும், அங்கேயே பணியாற்றும் வழிகாட்டி ஆசிரியர்களும் இருக்கின்றனர். கெடு தவறிய மாணவரை நினைவூட்டித் தேடிப் பிடிப்பதும், புரியாத பகுதியை நேரில் உட்கார்ந்து விளக்குவதும் இவர்களுடைய பொறுப்பு.

தொலைவு என்பது என்ன?

அமெரிக்கக் கல்வியியல் அறிஞர் மைக்கேல் மூர், தொலைநிலைக் கல்வியில் உள்ள தொலைவைக் கிலோமீட்டரால் அளக்க முடியாது என்று 1970-களிலிருந்தே வாதிட்டு வந்தார். ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே புரிதலில் ஏற்படும் இடைவெளியே உண்மையான தொலைவு என்று கொண்டு, அதற்குப் 'பரிமாற்றத் தொலைவு' என்ற பொருளில் ஒரு பெயரும் சூட்டினார். பாடத்தின் கட்டமைப்பு இறுக்கமாகவும் உரையாடல் குறைவாகவும் இருந்தால் இந்த இடைவெளி விரிகிறது. அப்போது தாமாகவே படிக்கும் ஆற்றல் உள்ள மாணவர்கள் மட்டுமே தாக்குப்பிடிக்கின்றனர். நூறு பேர் அமர்ந்திருக்கும் வகுப்பறையில் கடைசி வரிசை மாணவருக்கும் ஆசிரியருக்கும் இடையே பெரும் பரிமாற்றத் தொலைவு இருக்கக்கூடும். அதேபோல், வாரம் ஒருமுறை கடிதத்துக்குப் பதில் எழுதும் ஆசிரியர், ஆயிரம் கல் தொலைவில் இருந்தும் மாணவருக்கு அருகில் இருக்கக்கூடும்.

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் ஆகிய மூவர் 2000-இல் முன்வைத்த கோட்பாடு இக்கருத்தை மேலும் தெளிவாக்கியது. நல்ல இணையவழி வகுப்பில் மூன்று வகை இருப்பு வேண்டும் என்பது அவர்கள் கருத்து. மாணவர்கள் ஒருவரையொருவர் மனிதர்களாக உணர்வது சமூக இருப்பு. பாடத்தைப் பற்றி ஆழ்ந்து சிந்திப்பது அறிவு இருப்பு. இவ்விரண்டையும் உருவாக்கி நெறிப்படுத்துவது ஆசிரிய இருப்பு. மூன்றாவதான ஆசிரிய இருப்பை அவர்கள் திட்டமிடல், உரையாடலை வளர்த்தல், நேரடியாகக் கற்பித்தல் என்று மூன்று பணிகளாகப் பகுத்தனர். காணொலி என்பது இவற்றில் மூன்றாவது பணியின் ஒரு கூறு மட்டுமே.

திட்டமிடல்

வகுப்பறையில் பாடம் நடத்தும் ஆசிரியர், மாணவர்களின் முகத்தைப் பார்த்தே பாதி முடிவுகளை எடுக்கிறார். புரியாத முகங்களைக் கண்டால் வேறோர் எடுத்துக்காட்டைச் சொல்கிறார். சோர்வு தெரிந்தால் வேகத்தைக் கூட்டுகிறார் அல்லது கேள்வி கேட்டு எழுப்புகிறார். ஒளிப்பதிவுக் கூடத்தில் கேமராவின் முன் நிற்கும் ஆசிரியருக்கு இந்த வழிகாட்டல் எதுவும் கிடைப்பதில்லை. எந்த இடத்தில் மாணவர் தடுமாறுவார் என்பதை அவர் பதிவுக்கு முன்பே ஊகித்து, அதற்கான விளக்கத்தைப் பாடத்திலேயே வைத்துவிட வேண்டியிருக்கிறது. வகுப்பறையில் வாய்தவறிச் சொன்னதை அடுத்த நாளே திருத்திவிடலாம். பதிவாகிவிட்ட பிழையோ திருத்தப்படும்வரை ஒவ்வொரு மாணவரையும் சென்றடைந்துகொண்டே இருக்கும்.

காணொலியின் நீளமும் திட்டமிடலுக்கு உட்பட்டதே. எட்எக்ஸ் என்ற இணையவழிப் படிப்புத் தளத்தில் 69 இலட்சம் காணொலிப் பார்வைகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, காணொலி எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் அதில் செலவிடும் இடைநிலை நேரம் 6 நிமிடங்களைத் தாண்டுவதில்லை என்று கண்டது. ஒரு மணி நேர வகுப்பை அப்படியே படம்பிடித்து வெளியிடுவதைவிட, ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு சிறிய காணொலி என்று பிரித்துத் தருவது பயன்தரும் என்பதே அந்த ஆய்வின் அறிவுரை. காணொலிகளுக்கு இடையே சிறு வினாக்களை வைத்தால் மாணவரின் மனம் அலைபாய்வது குறைகிறது, குறிப்பெடுப்பது கூடுகிறது, கற்றது நினைவில் நிற்கிறது என்று உளவியலாளர்கள் 2013-இல் காட்டினர்.

வினாத் தயாரிப்பு, வெளியில் தெரியாத பெரும் உழைப்பு. கணினியே திருத்தும் பலவுள் தெரிவு வினாவில், சரியான விடையை எழுதுவது எளிது; தவறான மூன்று விடைகளை எழுதுவதில்தான் ஆசிரியரின் அனுபவம் தெரிகிறது. மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகளிலிருந்து அந்த மூன்றையும் அவர் உருவாக்கினால், எந்த விடையை எத்தனை பேர் தேர்ந்தெடுத்தனர் என்ற கணக்கே வகுப்பின் குழப்பத்தை அவருக்கு எடுத்துக்காட்டிவிடும். எவரும் தேர்ந்தெடுக்காத பொருந்தா விடைகளை வைத்து நிரப்பினால் அந்த வினாவால் யாருக்கும் பயனில்லை.

பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச் மாதத்தில், அமெரிக்கக் கல்வியாளர்கள் சிலர் ஒரு முக்கியமான வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினர். கல்லூரிகள் மூடப்பட்டதால் ஒரே வாரத்தில் வகுப்புகளைத் திரைக்கு மாற்றியது அவசரகாலத் தொலைநிலைக் கற்பித்தலே தவிர, அதை இணையவழிக் கல்வி என்று கருதக்கூடாது என்றனர். முறையாகத் திட்டமிடப்படும் ஒரு பல்கலைக்கழக இணையவழிப் படிப்புக்கு ஆறு முதல் ஒன்பது மாதங்கள்வரை தயாரிப்பு தேவைப்படுகிறது என்பதையும் அவர்கள் நினைவூட்டினர். அந்த நெருக்கடிக் காலத்தின் கசப்பை வைத்து இணையவழிக் கல்வி முழுவதையும் எடைபோடுவது நியாயமாகாது. அக்காலத்தில் போதிய பயிற்சியின்றிக் கேமராவின் முன் நிறுத்தப்பட்ட ஆசிரியர்களைக் குறைசொல்வதும் நியாயமாகாது.

உரையாடலை வளர்த்தல்

இணையவழி வகுப்பின் பெரும் சிக்கல் மௌனம். நேரலை வகுப்பில் கேமராவை அணைத்துவிட்டுப் பெயர்களாக மட்டும் தெரியும் மாணவர்களிடம் "புரிகிறதா?" என்று கேட்டால் விடை வருவதில்லை. அந்த மௌனத்துக்குப் பின்னால் கவனக்குறைவு மட்டுமே இருப்பதாக முடிவுகட்டிவிட முடியாது. ஒரே அறையில் குடும்பம் முழுவதும் இருக்கும் வீட்டின் கூச்சம், ஆங்கிலத்தில் பேசத் தயக்கம், தவறாகக் கேட்டுவிட்டால் எல்லோர் முன்னிலையிலும் பதிவாகிவிடுமே என்ற அச்சம் ஆகிய பல காரணங்கள் அதில் அடங்கியிருக்கின்றன.

இணையவழி வகுப்பை நடத்தும் முறை குறித்து எழுதிய பிரிட்டன் அறிஞர் கில்லி சால்மன், மாணவர்கள் ஐந்து படிகளைக் கடந்து வருகின்றனர் என்கிறார். தளத்துக்குள் நுழைந்து ஊக்கம் பெறுவது முதல் படி; பிறரோடு பழகுவது இரண்டாவது; தகவல்களைப் பரிமாறிக்கொள்வது மூன்றாவது; கூடி அறிவைக் கட்டுவது நான்காவது; கற்றதைத் தாமே எடைபோட்டு மேலே செல்வது ஐந்தாவது. முதல் இரண்டு படிகளுக்கு உதவாமல், முதல் வாரத்திலேயே கடினமான கேள்வி ஒன்றைப் போட்டு விவாதிக்கச் சொல்லும் ஆசிரியருக்கு மௌனமே பதிலாகக் கிடைக்கிறது. எளிய அறிமுகத்தில் தொடங்குவது, பெயர் சொல்லிப் பதில் எழுதுவது, ஒரு மாணவர் கேட்ட ஐயத்துக்கு இன்னொரு மாணவர் விடை சொல்லும்வரை சற்றுப் பொறுத்திருப்பது, விவாதம் திசைமாறும்போது தொகுத்துச் சொல்லி மீட்பது ஆகியவை இப்பணியின் நுட்பங்கள். உடனுக்குடன் எல்லாவற்றுக்கும் ஆசிரியரே விடை சொல்லிவிட்டால் மாணவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது நின்றுவிடும்; பல நாள் பதிலே சொல்லாவிட்டால் கேட்பவர்களே இல்லாமல் போய்விடுவர்.

திருத்துதல்

எண்ணிக்கை பெருகும்போது முதலில் அடிபடுவது திருத்தமே. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் 2012-இல் மின்சுற்றுகள் பற்றி நடத்திய முதல் திறந்த இணையவழிப் படிப்பில் ஏறத்தாழ 1,55,000 பேர் பதிவு செய்தனர். சான்றிதழ் பெற்றவர்கள் 7,157 பேர். பதிவு செய்தவர்களில் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவான இந்த எண்ணிக்கையைத் தோல்வி என்று மட்டும் கொள்ள இயலாது. சான்றிதழ் தேவையில்லாமல் ஓரிரு பாடங்களை மட்டும் கற்க வந்தவர்களும் பதிவு செய்தவர்களில் உண்டு; ஒரு பேராசிரியர் வாழ்நாள் முழுவதும் வகுப்பறையில் கற்பிக்கக்கூடிய மாணவர்களைவிட அதிகமானோர் ஒரே பருவத்தில் தேறினர் என்பதும் உண்மையே. ஆயினும், உதவி தேவைப்பட்டு, கிடைக்காமல் விலகியவர்கள் யார் என்பதை அந்த எண்ணிக்கை சொல்வதில்லை.

அதற்கான விடையின் ஒரு பகுதி 2013-இல் கிடைத்தது. கலிஃபோர்னியாவின் சான் ஓசே மாநிலப் பல்கலைக்கழகம், உடாசிட்டி என்ற இணையவழிக் கல்வி நிறுவனத்துடன் சேர்ந்து அடிப்படைக் கணிதம் உள்ளிட்ட படிப்புகளை இணையத்தில் நடத்தியபோது, தேர்ச்சி விழுக்காடு நேரடி வகுப்புகளைவிடக் குறைவாக இருந்ததால் அம்முயற்சி சில மாதங்களில் இடைநிறுத்தப்பட்டது. பாடத்தில் ஏற்கெனவே பின்தங்கியிருந்த மாணவர்களுக்குக் காணொலியும் தானியங்கி வினாக்களும் போதவில்லை. ஆசிரியரின் துணை யாருக்கு மிகவும் தேவையோ, அவர்களே இணையவழியில் அதிகம் இழக்கின்றனர் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

எண்ணிக்கைக்கு ஈடுகொடுக்கச் சில வழிகள் உள்ளன. மாணவர்கள் ஒருவர் கட்டுரையை மற்றொருவர் மதிப்பிடும் சக மதிப்பீடு அவற்றுள் ஒன்று; தெளிவான மதிப்பீட்டு அளவுகோலை ஆசிரியர் வகுத்துத் தந்தால் அது ஓரளவு பயன்படும். கணினியே விடையளிப்பது இன்னொரு வழி. ஜார்ஜியா டெக் நிறுவனத்தில் பேராசிரியர் அசோக் கோயல் 2016-இல், 'ஜில் வாட்சன்' என்று பெயரிட்ட செயற்கை நுண்ணறிவு உதவியாளரைத் தம் இணையவழி வகுப்பில் பயன்படுத்தினார். கெடு தேதி, கோப்பு வடிவம் போன்ற திரும்பத் திரும்ப வரும் வழக்கமான கேள்விகளுக்கு அது விடையளித்ததால், ஆழமான ஐயங்களுக்கு நேரம் செலவிட மனித உதவியாளர்களால் முடிந்தது. அந்த வகையில் இயந்திரத்தின் உதவியை வரவேற்க வேண்டும். ஆனால், மாணவர் எழுதிய விடையைப் படித்து, அவருடைய சிந்தனை எந்த இடத்தில் வழிதவறியது என்று கண்டு சொல்லும் பொறுப்பை இயந்திரத்திடம் முழுமையாக விட்டுவிட முடியாது. மாணவர்களே விடைகளைச் செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கும் இந்நாளில், வீட்டிலிருந்து வரும் பயிற்சித் தாளை மட்டும் வைத்து ஒருவர் கற்றதை உறுதிசெய்வதும் கடினமாகிவிட்டது. என்.பி.டி.இ.எல். மதிப்பெண்ணில் முக்கால் பங்கை நேரில் எழுதும் தேர்வுக்கு ஒதுக்கியிருப்பதன் நியாயம் இங்கே விளங்குகிறது.

சமமற்ற வகுப்பறை

இந்திய ஆசிரியர் எதிர்கொள்ளும் இன்னொரு சவால், மாணவர்களின் வசதியில் உள்ள ஏற்றத்தாழ்வு. 2017-18-இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் ஏறத்தாழ 24 விழுக்காட்டுக் குடும்பங்களுக்கே இணைய வசதி இருந்தது. நகரங்களில் 42 விழுக்காடாக இருந்த அது, கிராமங்களில் 15 விழுக்காடாக மட்டுமே இருந்தது. அதன்பின் கைபேசி இணையம் வேகமாகப் பரவிவிட்டாலும், சிறிய கைபேசித் திரையில் கணினி நிரல் எழுதிப் பழக வேண்டியிருப்பதும், ஒரே கைபேசியை அண்ணனும் தங்கையும் பகிர்ந்துகொள்வதும் மறைந்துவிடவில்லை. ஆகவே, நேரலை வகுப்புக்கு வர இயலாதவருக்குப் பதிவைத் தருவது, காணொலியைத் தரவிறக்க இயலாதவருக்கு எழுத்து வடிவத்தைத் தருவது, காது கேளாதவருக்கு வசன வரிகளைச் சேர்ப்பது போன்றவற்றைக் கூடுதல் சலுகைகளாகக் கருதாமல் பாடத்தின் உறுப்புகளாகவே ஆசிரியர் திட்டமிட வேண்டியிருக்கிறது.

மொழியும் இத்தகைய தடையே. தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்து வரும் மாணவர், ஆங்கிலக் காணொலியில் பாடத்தோடு மொழியையும் சேர்த்துப் போராடுகிறார். இதை உணர்ந்து, என்.பி.டி.இ.எல். தன் பாட உரைகளைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் மொழிபெயர்த்து வெளியிட்டு வருகிறது. அந்த மொழிபெயர்ப்பைப் படித்த பிறகும் எஞ்சும் ஐயத்தை மாணவர் தம் மொழியில் கேட்கக்கூடிய ஒருவர் அருகில் இருக்க வேண்டும். அவர்தான் கல்லூரியில் இருக்கும் வழிகாட்டி ஆசிரியர்.

கணக்கில் வராத உழைப்பு

பல்கலைக்கழக மானியக் குழு, ஒரு பருவத்தில் ஒரு பட்டப்படிப்புக்குரிய பாடங்களில் 20 விழுக்காடு வரை ஸ்வயம் வழியே படித்துத் தகுதிப்புள்ளி பெறலாம் என்று 2016-இல் அனுமதித்திருந்தது. 2021-இல் அந்த வரம்பை 40 விழுக்காடாக உயர்த்தியது. தகுதிப்புள்ளி என்பது, ஒரு பாடத்தின் அளவைக் குறித்துப் பட்டத்துக்காகக் கூட்டப்படும் அலகு. இவ்வளவு பெரிய பங்கு இணையத்துக்குச் செல்லும்போது, கல்லூரி ஆசிரியரின் பணி குறைவதாகத் தோன்றினாலும், உண்மையில் அது வடிவம் மாறுகிறது. பாடத்தை நடத்துபவர் வேறொரு நகரத்தில் இருக்க, மாணவரின் தேர்ச்சிக்கு விடைசொல்ல வேண்டியவராக உள்ளூர் ஆசிரியரே இருக்கிறார்.

ஆனால், ஆசிரியரின் பணிச்சுமையை நாம் இன்றும் வகுப்பு மணிநேரத்தைக் கொண்டே அளக்கிறோம். மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல் உண்டு. இணையவழிப் படிப்பை உருவாக்குபவருக்குப் பதவி உயர்வுக்கான மதிப்பெண்களை அதே விதிமுறைகள் வழங்குகின்றன, அது வரவேற்கத்தக்கதே. எனினும், படிப்பு நடந்துகொண்டிருக்கும் பன்னிரண்டு வாரங்களிலும் ஐயங்களுக்கு விடை எழுதுவதும், வினாக்களைப் புதுப்பிப்பதும், பின்தங்கும் மாணவரை அழைத்துப் பேசுவதும் வகுப்பு மணிநேரம் என்ற அளவுகோலுக்குள் அடங்குவதில்லை. அளக்கப்படாத உழைப்பு மதிக்கப்படுவதில்லை; மதிக்கப்படாத உழைப்பு நாளடைவில் கைவிடப்படுகிறது. அவ்வாறு கைவிடப்பட்ட படிப்பில் எஞ்சுவது காணொலி மட்டுமே.

எனவே, இணையவழிப் படிப்பைத் தொடங்கும் ஒவ்வொரு நிறுவனமும் மூன்று முடிவுகளை முன்கூட்டியே எடுத்தாக வேண்டும். பதிவு தொடங்குவதற்குமுன் திட்டமிடலுக்குப் போதிய மாதங்களை ஒதுக்க வேண்டும். எத்தனை மாணவர்களுக்கு ஓர் உதவியாளர் அல்லது வழிகாட்டி என்பதை வரையறுக்க வேண்டும். படிப்பு நடக்கும் காலத்தில் ஆசிரியர் மாணவர்களோடு செலவிடும் நேரத்தைப் பணிநேரமாகவே கணக்கிட வேண்டும். படிப்பில் சேரும் மாணவர்களும் பெற்றோரும், அதை நடத்துபவரின் புகழைக் கேட்பதோடு நின்றுவிடாமல், ஐயம் வந்தால் யார் விடை சொல்வார், எத்தனை நாளில் சொல்வார் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கேள்விக்குத் தெளிவான விடை தரக்கூடிய படிப்பே, இணையத்தில் நடந்தாலும் வகுப்பறையில் நடந்தாலும், நம்பிச் சேரத்தக்க படிப்பு.